தங்கைக்கு நினைவிருப்பது நான் அடித்தது மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 53. வேலூரில் வசிக்கிறேன். பிறந்து வளர்ந்தது குடியாத்தம். என் பள்ளிச் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம் என்றுதான் இருக்கும். அதில் ஆறாம் வகுப்புக்கு மேல் ஒன்றும் இல்லை.

எனக்குப் பின் ஒரு தம்பி, ஒரு தங்கை, கடைசியாக இன்னொரு தம்பி. அப்பா கட்டட வேலைக்கு பெங்களூர் போனார். முதலில் மாதம் ஒருமுறை வந்தார், பிறகு பொங்கலுக்கு மட்டும், அப்புறம் அதுவும் இல்லை. அம்மா பீடி சுற்றினாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலையை எடைபோட்டுக் கொடுப்பார்கள். கொடுத்த இலைக்கு இத்தனை பீடி என்று கணக்கு. இலை குறைந்தால் கைக்காசு போட்டு வாங்கி ஈடுகட்ட வேண்டும். 1983-ல் ஆயா படுத்த படுக்கையானாள். கடைசித் தம்பிக்கு ஒன்றரை வயது. ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த மறுவாரம் அம்மா சொன்னாள், "இந்த ஒரு வருஷம் வீட்டில் இரு, அடுத்த வருஷம் போகலாம்." அந்த அடுத்த வருஷம் வரவில்லை. 1984-ல் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் சத்துணவு வந்துவிட்டது என்று என் சிநேகிதி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். நான் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடிக்கு வாய் மடித்துக்கொண்டிருந்தேன்.

கடந்த மாதம் அம்மாவின் முதல் வருஷ நினைவு நாள். நால்வரும் குடும்பத்தோடு பழைய வீட்டில் கூடினோம். படையல் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது பழைய கதைகள் வந்தன. கௌண்டன்ய ஆற்று மணலில் விளையாடியது, மழைக்கு ஒழுகிய வீட்டில் எல்லாரும் ஒரே மூலையில் படுத்தது, இப்படி எல்லாம் பேசிச் சிரித்தார்கள். பெரிய தம்பி, "அந்தக் காலம் மாதிரி வராது" என்றான். எனக்கு அவர்கள் சொல்லும் வீடு எது என்றே தெரியவில்லை. கூரை ஒழுகிய இரவில் நான் விளையாடவில்லை. பீடி இலை நனையாமல் இருக்க அதன்மேல் என் பாவாடையைப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் தங்கை சொன்னாள். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே திரண்டு நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு மூன்று பேரையும் நான்தான் அழைத்துப் போவேன். தொலைந்துவிடுவார்களே என்ற பயத்தில் பீடி நூலை நாலைந்து இழையாக முறுக்கித் தங்கையின் மணிக்கட்டிலும் என் மணிக்கட்டிலும் கட்டிக்கொள்வேன். சின்னவன் இடுப்பில், பெரியவன் என் தாவணி முனையைப் பிடித்துக்கொண்டு. தங்கை தன் பிள்ளைகளிடம் சொன்னாள்: "பெரியம்மா என்னை மாட்டைக் கட்டுவது போலக் கட்டி இழுத்துப் போவாள். நூல் அறுத்துக் கை சிவந்துவிடும். அக்கா கையில் அடி வாங்காத நாளே கிடையாது." எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். "அவ்வளவு அடிப்பாயா அம்மா?" என்று இரவில் கேட்டாள்.

அடித்திருக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன். ஒருநாள் தங்கை தண்ணீர்ச் செம்பை முறத்தில் கவிழ்த்துவிட்டாள். தூளும் இலையும் ஊறிப்போயின. அன்று அகப்பைக் காம்பால் அடித்தேன். அம்மா வந்து தடுக்கும் வரை அடித்தேன். தங்கைக்கு அப்போது ஐந்து வயது.

அந்த நினைவு நாளிலிருந்து இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. தங்கை ஆசிரியை, பள்ளி முடிந்து வீடு திரும்பியதும் என்னைக் கூப்பிடுவது வழக்கம். நான்கு முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. இந்த வைகாசிக்கு எல்லாரும் சிரசுத் திருவிழாவுக்கு வர வேண்டும் என்று குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள். என் நினைவு பொய்யா, அவர்கள் நினைவு பொய்யா? நான் போகலாமா?

– பெயர் வேண்டாம், வேலூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தம்பி தங்கையரைப் பற்றியும் இலை, தூள், கூலி பற்றியும் நிறைய எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன பிடிக்கும், பள்ளியில் எந்தப் பாடம் நன்றாக வரும், யாரோடு விளையாடினீர்கள் என்று ஒரு வரி இல்லை. வாசலில் நின்ற சிநேகிதி மட்டும் வருகிறாள், அவளும் உடனே போய்விடுகிறாள். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு நினைவும் பொய் இல்லை. நாலு பேரும் வளர்ந்தது ஒரே கூரையின் கீழ்தான், ஆனால் ஒரே வீட்டில் இல்லை. தம்பி தங்கையர் வளர்ந்த வீட்டில் அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள். நீங்கள் வளர்ந்த வீட்டில், பதினோரு வயதுக்குப் பிறகு, உங்களுக்கு மேலே ஒருவரும் இல்லை. அம்மா இருந்தாள்தான், ஆனால் அவளுக்கும் நீங்கள்தான் துணை. மழை இரவில் அவர்கள் மூலையில் சுருண்டு கிடந்து சிரித்தது உண்மை. அவர்களால் சிரிக்க முடிந்ததற்குக் காரணம், இலை நனைந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நீங்கள். இன்றைக்கும் அவர்களுக்குத் தெரியாது. இதுவரை ஒருவரிடமும் நீங்கள் சொன்னதில்லை என்றுதான் கடிதத்திலிருந்து புரிகிறது.

நினைவு என்பது பெட்டிக்குள் வைத்த புடவை அல்ல, எடுக்கும்போதெல்லாம் அதே மடிப்போடு வருவதற்கு. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932-லேயே இதை எழுதிவிட்டார். மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலும் யாருக்கும் தங்குவதில்லை. கடைசித் தம்பிக்கு அந்த வருஷம் மொத்தமுமே இருக்காது. ஐந்து வயதுக் குழந்தைக்குத் தங்குவது உடம்பில் பட்டது. தங்கைக்கு மணிக்கட்டு சிவந்தது நினைவிருக்கிறது. நூலின் மறுமுனையில் இருந்த பதினோரு வயதுப் பெண் கூட்டத்தைப் பார்த்து எப்படி நடுங்கினாள் என்பது அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? அவள் நிமிர்ந்து பார்த்தபோது அக்கா பெரியவளாகத்தான் தெரிந்திருப்பாள். உங்கள் மணிக்கட்டும் சிவந்திருக்கும் அல்லவா? அதை நீங்கள் எழுதவே இல்லை.

வீட்டு வேலை செய்து வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் காயப்பட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் முறத்தோடு வளர்ந்த பெண்கள் எத்தனையோ பேர். கைவேலையும் பொறுப்பும் பலருக்குத் தெம்பைக் கொடுத்திருக்கின்றன. பிள்ளையே பெற்றோராகிவிடும் நிலையைப் பற்றி ஐவான் பொசோர்மெனி-நாகி, ஜெரால்டின் ஸ்பார்க் என்ற குடும்பச் சிகிச்சையாளர்கள் இருவர் 1973-ல் எழுதினார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்களும் சேர்ந்து காட்டிய வேறுபாடு முக்கியமானது: சுமை எவ்வளவு என்பதோடு, அது நியாயமாகப் பகிரப்பட்டதா, எப்போதாவது இறக்கி வைக்க முடிந்ததா, யாராவது கண்டு ஒரு வார்த்தை சொன்னார்களா என்பதும் சேர்ந்துதான் காயத்தைத் தீர்மானிக்கிறது. உங்களுக்கு "ஒரு வருஷம்" என்று சொல்லப்பட்டது. முடிகிற நாள் சொல்லப்படவே இல்லை. அம்மா தன் கடைசிக் காலத்திலாவது அதைப் பற்றிப் பேசினாளா என்று எனக்குத் தெரியவில்லை. பேசியிருந்தால் எழுதியிருப்பீர்கள். அம்மாமேல் கோபம் வருகிறதென்றால் வரட்டும். அவளுக்கு வேறு வழி இல்லாமல் இருந்தது, உங்கள் கோபமும் நியாயம். ஒன்று மற்றதை அழிக்காது. அவள் போய் ஒரு வருஷம்தான் ஆகிறது. நினைவு நாளன்று இத்தனையும் ஒன்றாகக் கிளம்பியதில் வியப்பில்லை.

இனி அகப்பைக் காம்பு. இதில் நான் உங்களுக்கு ஆறுதல் மட்டும் சொன்னால் அது துரோகம். பதினோரு வயதுப் பெண்ணிடம் ஒரு நாள் கூலியைக் காக்கும் வேலையை ஒப்படைத்தால், கூலி தண்ணீரில் போகும்போது அவள் கையில் அகப்பைதான் வரும். அவளை நான் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது வலித்தது. அதையும் சேர்த்துத்தான் தங்கை சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரித்துச் சொன்னதால் வலி இல்லை என்று ஆகாது. வெறுப்பு இருக்கிறது என்றும் ஆகாது. வெறுப்பவள் நான்கு முறை கூப்பிட மாட்டாள்.

தங்கையைக் கூப்பிடுங்கள். முதல் பேச்சில் விளக்கம் வேண்டாம். "அன்று முறத்தில் தண்ணீர் கொட்டியபோது உன்னை அப்படி அடித்தது தவறு. எனக்கு அது மறக்கவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். "ஆனால்" என்ற சொல்லை நாக்கில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே விட வேண்டாம். ஆனால் என்று தொடங்கினால் மன்னிப்பு கேட்க வந்தவர் கணக்குக் கேட்க வந்தவராகிவிடுவார். அவள் என்ன சொல்கிறாளோ கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் சொல்லாமல் பேச்சை மாற்றினாலும் விட்டுவிடுங்கள்.

உங்கள் கதையை வேறொரு நாள் சொல்லுங்கள். சொல்லியே ஆக வேண்டும். ஃபோனில் வேண்டாம், எல்லாரும் சாப்பிட உட்காரும்போதும் வேண்டாம். நேரில், தங்கையிடம் மட்டும். தியாகம், நன்றி என்ற பெரிய சொற்கள் எதற்கும் போக வேண்டாம். இலையை எப்படி எடைபோட்டார்கள், குறைந்தால் என்ன செய்தார்கள், பாவாடையை எதன்மேல் போர்த்தினீர்கள் என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எனக்கு எழுதியதுபோலவே. அந்தப் பத்தியைப் படித்தபோது நான் சிறிது நேரம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். மகளிடமும் பேசுங்கள், கேள்வி கேட்டவள் இரவெல்லாம் பதிலுக்குக் காத்திருந்திருப்பாள்.

உறக்கத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். ஒரு மாதமாக மூன்று மணிக்கு விழிப்பு என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் வயதில் உடல் மாற்றங்களும் காரணமாக இருக்கலாம். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவு இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. இரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. சான்றிதழில் ஆறாம் வகுப்புக்கு மேல் ஒன்றும் இல்லை என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. எழுத வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஆசை இருந்தால் வழி இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். வீட்டிலேயே ஓர் ஆசிரியை இருக்கிறாள்.

திருவிழாவுக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். ஆனால் தங்கையோடு பேசிவிட்டுப் போங்கள். பேசாமல் அந்தக் கூட்டத்தில் போய் நின்றால் மறுபடி பதினோரு வயதாகிவிடும். அங்கே யார் எங்கே நிற்கிறார்கள் என்று எண்ணும் வேலையை இம்முறை பெரிய தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். முன்கூட்டியே, வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

இன்று பள்ளி நாள்தான். மாலை ஐந்து மணிக்கு மேல் தங்கை வீட்டில் இருப்பாள்.