‘எனக்குப் பசிக்கிறது’: எழுவாய் எங்கே?

மொழியியல் பற்றிக் கேட்கச் சொன்னேன்; கேள்விகள் குவிந்துவிட்டன. என் துறை வாக்கிய அமைப்பு. வேர்ச்சொல் தேடுபவர்கள் என்னை மன்னிக்கவும்.

கேள்வி: உலகின் முதல் மொழி எது?
தெரிந்துகொள்ள வழியில்லை. மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று பாரிஸ் மொழியியல் கழகம் 1866-லேயே விதி எழுதிவைத்தது. நானும் அந்தக் கட்சிதான்.

கேள்வி: இந்தியில் ககரத்துக்கு நான்கு எழுத்துகள். தமிழில் ஒன்றுதான். இது குறைதானே?
‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றும் ஒரே ககரம் அல்ல. தங்கத்தில் தொண்டை அதிர்கிறது, பகலில் ஓசை தேய்கிறது. ஆனால் எங்கே எது வரும் என்பதைச் சொல்லில் அது நிற்கும் இடமே முடிவு செய்துவிடுகிறது. பொருளை மாற்றாத வேறுபாட்டுக்குத் தனி எழுத்து எதற்கு? பொருளை மாற்றும் ஒலியைத்தான் ஒலியன் என்கிறோம். கடன்சொற்கள் இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் குலைத்திருக்கின்றன: ‘பல்’, ‘பஸ்’ இரண்டிலும் பகரம் முதலில்தான் நிற்கிறது, ஒலியோ வேறு. எழுத்து வேறு, ஒலி வேறு. இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை): ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதில் எழுவாய் எது என்று ஒரு மாணவி கேட்டாள். ‘பசி’ என்று சமாளித்தேன். சரியா?
இல்லை. அங்கே ‘பசி’ வினைப்பகுதி. ‘எனக்கு’ நான்காம் வேற்றுமை; எழுவாயோ உருபு ஏற்காது, வினையும் அதற்கேற்ப மாறும். எனக்கும் பசிக்கிறது, உனக்கும் பசிக்கிறது, அவர்களுக்கும் பசிக்கிறது; வினை யாருக்காகவும் அசைவதில்லை. அந்தக் கணக்கில் இது எழுவாயே இல்லாத வாக்கியம்.

இப்போது வேறு விதமாகச் சோதிப்போம். ‘குமரன் ரவியிடம் தன் வீட்டைப் பற்றிச் சொன்னான்.’ யார் வீடு? குமரனுடையது. ‘தன்’ எழுவாயைத் தேடிப் போகும். ‘குமரனுக்குத் தன் அண்ணனைப் பிடிக்காது’ என்றால்? ‘குமரனுக்கு’ என்பதைப் போய்ப் பற்றிக்கொள்கிறது. இன்னொன்று: ‘இவ்வளவு சாப்பிட்டும் எனக்குப் பசிக்கிறது.’ சாப்பிட்டது யார்? நான்தான். ‘சாப்பிட்டும்’ போன்ற எச்சமும் தன் ஆளைச் சொல்லாமல் விட்டால் எழுவாயையே தேடும். உருபைப் பார்த்தால் எழுவாய் இல்லை, நடத்தையைப் பார்த்தால் எழுவாய். மொழியியலாளர் எட்வர்ட் கீனன் 1976-இல் சொன்னது இதுதான்: எழுவாய் என்பது ஒற்றைப் பண்பு அல்ல, பல பண்புகளின் மூட்டை. தமிழில் அந்த மூட்டை சில இடங்களில் அவிழ்ந்து இரண்டு பேர் கையில் போய்விடுகிறது. அந்த மாணவியை விடாதீர்கள்.

மறுப்பு (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): எச்சத்தை வைத்து எழுவாயைக் காண முடியாது. ‘மழை பெய்து குளம் நிறைந்தது.’ பெய்தது மழை, நிறைந்தது குளம்.
ஐயா, அங்கே மழை வெளிப்படையாக நிற்கிறது. அதை எடுத்துவிட்டு, ‘பெய்து குளம் நிறைந்தது’ என்று சொல்லுங்கள், காது ஒப்பாது. சொல்லாமல் விட்ட இடத்தை யார் வந்து நிரப்புகிறார் என்பதே என் சோதனை.

மீண்டும் அவரே: ‘குமரனைத் தன் நிழலே பயமுறுத்தியது.’ ‘குமரனை’ என்பதும் எழுவாயோ?
இல்லை. வசமாக மாட்டிக்கொண்டேன். உணர்ச்சி வினைகளில் ‘தன்’ உணர்பவரையும் நாடுகிறது. ‘பிடிக்காது’ உணர்ச்சி வினை. ஆகவே அந்த உதாரணத்தைத் திரும்பப் பெறுகிறேன். பதிலுக்கு இது: ‘குமரனுக்குத் தன் ஊரில் இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்.’ உணர்ச்சி எதுவும் இல்லை. வினை தம்பிகளோடு போகிறது, ‘தன்’ குமரனோடு போகிறது.

கேள்வி: மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி சொல்வதை ஒரு வரியில் சொல்ல முடியுமா?
குழந்தை தான் கேட்டே இராத வாக்கியத்தையும் பிழையின்றிச் சொல்கிறதே, எப்படி? இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர் அவர்.

கேள்வி: இரண்டரை வயதாகியும் என் மகன் பேசவில்லை.
குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள், பிறகு பேச்சுப் பயிற்சியாளர். என்னிடம் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: முதல் மொழி தமிழ்தானே?
முதல் பதில்.

கேள்வி: ழகரம் தமிழுக்கு மட்டுமே உரியது அல்லவா?
கோழிக்கோட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மகளின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் நல்லது என்கிறார்கள். உங்கள் கருத்து?
எழுத்து வேறு, ஒலி வேறு. கூப்பிடும்போது அவளுக்குத் தெரியவே போவதில்லை.

கேள்வி: எல்லா மொழிகளுக்கும் தாய்…
முதல் பதில்.

தமிழாசிரியர்: கடைசியாக ஒன்று. ‘எனக்குத் தூக்கம் வருகிறது.’ இதிலாவது எழுவாய் ‘தூக்கம்’ என்று ஒப்புக்கொள்வீர்களா?
ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஆனால் ‘கேள்விகளைப் படித்துப் படித்து எனக்குத் தூக்கம் வருகிறது’ என்றால், படித்தது தூக்கம் அல்ல.