ஜவுளிக்கடைச் சங்கேதமும் பாப்பாவின் மேற்படிப்பும்

வணக்கம் அண்ணாச்சி,

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, கேட்க வந்ததில் பாதியைக் கேட்காமலே கிளம்பிவிட்டீர்கள். கடை திறக்கிற நேரம், புரிகிறது. மீதியெல்லாம் ராத்திரி வாட்ஸாப்பில் வந்த நாலு நிமிடக் குரல் பதிவில் இருந்தது. "கிரிப்டோ படிக்கணும்ங்கிறா. அது பிட்காயின் சமாச்சாரம்தானே? நம்ம தெருவிலேயே ரெண்டு பேர் அதுல காசை விட்டாங்க. பூட்டை உடைக்கிறதுதான் வேலைன்னு வேற சொல்றா. போலீஸ் கேஸ் ஆயிராதா? இதுக்கெல்லாம் யாரு சம்பளம் கொடுப்பா?" மூன்றும் நியாயமான கேள்விகள். பதில் கொஞ்சம் நீளம், அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

பிட்காயினை முதலில் ஓரம் வைத்துவிடலாம். கிரிப்டோகிராஃபி என்பது சங்கேதக் கணிதம். அதை வைத்துச் செய்த சரக்குகளில் பிட்காயினும் ஒன்று, அவ்வளவுதான். உங்கள் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிற கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து வாடிக்கையாளர் பணம் போடுவதும், நீங்கள் அனுப்பிய குரல் பதிவு நடுவில் யார் காதிலும் விழாமல் என்னிடம் வந்து சேர்ந்ததும் அதே கணிதத்தால்தான். அந்தச் சங்கேதங்களில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவது ஒரு தனி ஆராய்ச்சித் துறை. பாப்பா கேட்பது அதைத்தான்.

அவள் அதை ஒருமுறை செய்தும் பார்த்திருக்கிறாள், உங்கள் கடையிலேயே. நீங்கள் போன் பேச வெளியே போன பத்து நிமிடத்தில் என்னிடம் சொன்னாள்.

ஒன்பதாம் வகுப்பில் தீபாவளி வியாபாரத்துக்கு உதவியாகக் கடையில் நின்றிருக்கிறாள். சேலை அட்டையில் விற்பனை விலைக்குக் கீழே பொடியாக ஏதோ எழுத்துகள். பேரம் பேசும்போது எவ்வளவு இறங்கலாம் என்று கடைப்பையன்கள் அதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள், ஆனால் வாடிக்கையாளருக்குப் புரியாது. அடக்கவிலை அது. பத்து எழுத்துள்ள ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, முதல் எழுத்து 1, இரண்டாவது 2, பத்தாவது 0 என்று வைத்து எழுதுகிற பழைய ஜவுளிக்கடைப் பழக்கம். சொல் எதுவென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நூறு அட்டையைப் பார்த்ததும் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. முக்கால்வாசி அட்டைகளில் கடைசி எழுத்து 'ன்'. மீதியில் பெரும்பாலும் 'க'. விலை என்றால் பூஜ்ஜியத்தில் முடியும், இல்லாவிட்டால் ஐந்தில். ஆக, ன் பூஜ்ஜியம், க ஐந்து. அப்புறம் ஒருநாள் கொள்முதல் பில் ஒன்று மேசையில் கிடந்தது. அதில் ஒரு ரகம் 785 ரூபாய். அதே சேலையின் அட்டையில் 'முடைக'. அதிலிருந்து மு ஏழு, டை எட்டு. வரிசையாக எழுதிப் பார்த்தால் ஐந்தாவது இடத்தில் க, ஏழிலும் எட்டிலும் முடை, பத்தில் ன். நடுவில் இரண்டு ஓட்டை, முன்னால் நாலு ஓட்டை. நிமிர்ந்து பார்த்தால் கல்லாவுக்கு மேலே மாலை போட்ட பெருமாள் படம். திருவேங்கடமுடையான்! எண்ணிப் பாருங்கள், பத்து எழுத்து, ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. உங்கள் அப்பா வைத்த சொல்லாமே, நல்ல தேர்வுதான். திட்டுவீர்கள் என்று மூன்று வருடமாக உங்களிடம் சொல்லவில்லையாம். (நான் போட்டுக்கொடுத்ததற்காக அவளைத் திட்டிவிடாதீர்கள்.)

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. அவள் கல்லாவைத் திறக்கவில்லை, யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. பூட்டுச் செய்த விதத்தைப் பார்த்தே சாவியைக் கண்டுபிடித்தாள். எது அடிக்கடி வருகிறது என்று எண்ணிச் சங்கேதத்தைப் பிரிக்கலாம் என்பதை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாக்தாத்தில் அல்-கிந்தி என்ற அறிஞர் எழுதிவைத்திருக்கிறார். பில்லும் அட்டையும் சேர்ந்து கிடைத்ததே, அந்த மாதிரி அசலும் மறைப்பும் ஒருசேரச் சிக்குவதுதான் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா என்ற சங்கேத எந்திரத்தின் செய்திகளைப் பிரிட்டிஷ்காரர்கள் படிக்க உதவியது. அன்றன்றைய வானிலைச் செய்தியில் 'வானிலை' என்ற சொல் இருந்தே தீரும் என்று ஊகித்து, அங்கிருந்து பிடித்தார்கள். பெருமாள் படத்தைப் பார்த்துச் சொல்லைப் பிடித்ததும் இந்தத் தொழிலில் உள்ளதுதான். மனிதன் தனக்கு நினைவில் நிற்பதைத்தான் ரகசியமாக வைப்பான்.

சரி, இன்றைய சங்கேதங்கள் இவ்வளவு சுலபமாக மாட்டாது. வங்கியும் வாட்ஸாப்பும் நம்பியிருக்கிற ஏ.ஈ.எஸ். என்ற முறையை 2001-ல் அமெரிக்கா தரமாக அறிவித்தது. செய்தது பெல்ஜியத்துக்காரர்கள் இரண்டு பேர். அதன் சிறிய வகையிலேயே சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்க எண். எல்லாச் சாவியையும் போட்டுப் பார்ப்பது நடக்காத காரியம். செய்தியைப் பத்துச் சுற்றுக் கலக்குகிறது அது. ஆய்வாளர்கள் சுற்றைக் குறைத்து வைத்துக்கொண்டு நாலு சுற்று உடைகிறதா, ஐந்து உடைகிறதா என்று ஒவ்வொரு படியாக ஏறிப் பார்ப்பார்கள். 2011-ல் மூன்று பேர் முழுப் பத்துச் சுற்றுக்கும் ஒரு வழி கண்டார்கள். அதனால் என்ன மிச்சம் தெரியுமா? எல்லாச் சாவியையும் முயல்வதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வேலை செய்தால் போதும். அந்த நாலில் ஒரு பங்கும் யாராலும் முடியாத வேலைதான். உங்கள் பணத்துக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. ஆனாலும் உலகம் முழுக்க அந்தத் துறையில் அதைப் பெரிய விஷயமாகப் பேசினார்கள். இந்த வேலையின் நிஜ முகம் இதுதான். மாதக்கணக்கில் உட்கார்ந்து, மிஞ்சிப்போனால் இவ்வளவு.

பாப்பாவிடம் கேட்டேன், "ஒரு வருஷம் மண்டையை உடைச்சும் ஒண்ணும் கிடைக்கலைன்னா?" "அப்போ அது நல்ல பூட்டுன்னு அர்த்தம்தானே சார்?" என்றாள். பதில் சரிதான். அந்த ஒரு வருடத்தை வாழ்ந்து பார்த்தவர்கள் மட்டும் இவ்வளவு லேசாகச் சொல்வதில்லை.

எப்போதாவது அடிக்கும், அடித்தால் இடி மாதிரி அடிக்கும். குவாண்டம் கணினி (அணு அளவு இயற்பியலை வைத்துக் கணக்குப் போடும் புதுவகை எந்திரம்) பெரிய அளவில் வந்தால் இன்றைய சங்கேதங்களில் ஒரு பெரிய பகுதி உடையும் என்று 1994-லேயே பீட்டர் ஷோர் என்ற அமெரிக்கக் கணிதர் காட்டிவிட்டார். அதற்கு மாற்றாகப் புதிய முறைகளை அமெரிக்கத் தர நிறுவனம் உலகம் முழுவதிலிருந்தும் வரவழைத்தது. அதில் சைக் என்று ஒன்று. 2011-ல் பிறந்த யோசனையின் மேல் கட்டியது, பதினோரு வருடம் தாக்குப்பிடித்தது, போட்டியின் நாலாவது சுற்றுவரை வந்தது. 2022 கோடையில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஸ்ட்ரிக், டெக்ரு என்ற இருவர் ஒரு சாதாரணக் கணினிச் சிப்பின் ஒரே ஒரு கணக்கிடும் கருவை (கோர் என்பார்கள்) வைத்துக்கொண்டு, சுமார் ஒரு மணி நேரத்தில் அதை உடைத்துவிட்டார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது 1997-ல் கனி என்ற கணிதர் நிரூபித்த ஒரு தேற்றம். அவர் அதைச் சங்கேதத்துக்காக எழுதவே இல்லை. யாராவது அதை எடுத்து இங்கே பொருத்த வேண்டியிருந்தது, இருபத்தைந்து வருடம் ஆனது. இதில் நம் ஊர் வாசனையும் உண்டு. சைக் தன் ரகசியத்தை ஒளித்துவைத்தது புள்ளிகளும் கோடுகளுமான பெரிய வலைப்பின்னல்களில். அவற்றுக்குக் கணிதத்தில் ராமானுஜன் கிராஃப் என்றே பெயர், கும்பகோணத்தில் வளர்ந்த நம் ராமானுஜன் 1916-ல் சொன்ன ஊகம் ஒன்றின் வழியாக வந்த பெயர்.

உடைத்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. வங்கிகளில் ஏறுவதற்கு முன்பே பிடிபட்டது. அதற்குத்தான் இவர்களை வைத்திருப்பதே.

அடுத்தது போலீஸ். 2008-ல் நெதர்லாந்தில் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பேருந்து, ரயில் அட்டைகளில் இருந்த ஒரு சிப்பின் சங்கேதம் பலவீனமானது என்று கண்டுபிடித்தார்கள். லண்டனின் ஆய்ஸ்டர் அட்டையிலும் இருந்தது அதே சிப்தான். முதலில் அரசாங்கத்துக்கும் தயாரித்த கம்பெனிக்கும் சொல்லி, சரிசெய்ய நேரம் கொடுத்தார்கள். கட்டுரையை வெளியிடக் கூடாது என்று கம்பெனி வழக்குப் போட்டது. நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது, கட்டுரையும் வெளிவந்தது. முறையாக ஆராய்ந்து முறையாகச் சொன்னால் அது ஆராய்ச்சி. அடுத்தவர் கணினிக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் பாயும், 'படிப்புக்காகச் செய்தேன்' என்பது செல்லாது. இந்த எல்லைக்கோட்டை அவளிடம் நான் அழுத்தமாகவே சொல்லியிருக்கிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

இனி படிப்பு. இது கணிதம் அண்ணாச்சி. கணினி இரண்டாவதுதான். எண்கோட்பாடு, இயற்கணிதம், நிகழ்தகவு இந்த மூன்றும் ஊறியிருக்க வேண்டும். என் முதல் யோசனை சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகத்தின் பி.எஸ்சி., கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த படிப்பு. இன்னொன்று இந்தியப் புள்ளியியல் கழகம், ஐ.எஸ்.ஐ. என்பார்கள். பெங்களூரில் பி.மேத், கொல்கத்தாவில் பி.ஸ்டாட். இரண்டு கழகங்களும் தனித்தனி நுழைவுத்தேர்வு வைக்கின்றன. ஒன்று சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகளும் அங்கே திணறுவார்கள், கணக்கு மனப்பாடமானது வேறு, யோசிப்பது வேறு. பழைய வினாத்தாள்களை அவள் இன்றே எடுத்துப் பார்க்கட்டும்.

கிடைக்கவில்லை என்றால் உலகம் முடிந்துவிடாது. பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. போகலாம். பி.இ. கணினி படித்தாலும், கொல்கத்தா ஐ.எஸ்.ஐ.யில் சங்கேதவியலுக்கென்றே இரண்டு வருட எம்.டெக். இருக்கிறது. கணினி நிரல் (கோட்) எழுதுவதை இப்போதே பழகலாம். கிரிப்டோஹேக் என்ற இணையதளத்தில் இலவசமாகவே புதிர்கள் இருக்கின்றன, தினமும் ஒரு மணி நேரம் போதும்.

மறைக்காமல் சொல்ல வேண்டியது காலம். பிஎச்.டி. இல்லாமல் இதில் ஆராய்ச்சியாளர் ஆவது கடினம். எல்லாம் சேர்ந்து முடிக்கும்போது அவளுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதாகிவிடும். நீங்கள் கேட்காத கேள்வி இதுதான் என்று எனக்குத் தெரியும், அதற்கு நான் பதில் சொல்ல முடியாது, வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் பிஎச்.டி. வருடங்களில் நீங்கள் பணம் அனுப்ப வேண்டியிருக்காது. ஆராய்ச்சி மாணவர்களுக்கான மத்திய அரசின் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்.

வேலை எங்கே? சென்னைத் தரமணியில் மத்திய அரசு சார்ந்த செட்ஸ் என்ற நிறுவனம் இந்த ஆராய்ச்சியே செய்கிறது. பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வுக்கு டெல்லியில் இதற்கென்று ஒரு தனி ஆய்வகம் உண்டு. கல்லூரிப் பேராசிரியர் வேலை, சிப் கம்பெனிகள், பெரிய மென்பொருள் கம்பெனிகளின் ஆய்வுப் பிரிவுகள். இடங்கள் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். பலர் கடைசியில் சங்கேதத்தை உடைப்பதைவிட, ஒரு கம்பெனி அதைச் சரியாகப் பொருத்தியிருக்கிறதா என்று சோதிக்கும் வேலையில்தான் உட்காருகிறார்கள். சம்பளம் அதிலும் நன்றாகவே வரும். குவாண்டத்தைத் தாங்கும் முதல் மூன்று தரங்கள் 2024 ஆகஸ்டில் வெளிவந்துவிட்டன. 2035-க்குள் தன் துறைகளையெல்லாம் இந்தப் புது முறைக்கு மாற்றுவது அமெரிக்க அரசின் இலக்கு. உலகத்தில் உள்ள பூட்டையெல்லாம் மாற்றப்போகிறார்கள் என்றால் பூட்டு தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கும்.

நீங்கள் காட்டிய அந்த நோட்டீஸ், ஆறு மாத 'எத்திக்கல் ஹேக்கிங்' டிப்ளமோ, ஒன்றரை லட்சம், வேலை உத்தரவாதம். அனுமதி வாங்கிக் கம்பெனிகளின் கணினிகளில் ஓட்டை தேடுவது அது. வேறு தொழில், மோசமான தொழில் என்று சொல்லவில்லை. ஆனால் பாப்பா கேட்பது அது அல்ல. முன்பணம் கட்டிவிடாதீர்கள். அந்தக் காசில் ஒரு நல்ல லேப்டாப் வாங்கி, நுழைவுத்தேர்வுகளுக்கும் பணம் கட்டி, மிச்சமும் பிடிக்கலாம்.

தேர்வு விண்ணப்பத் தேதிகள் பார்க்க அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் வாருங்கள், கொஞ்சம் சீக்கிரமாக. அதற்கு முன் கடை அட்டையின் சொல்லை மாற்றிவிடுங்கள், இப்போது அது எனக்கும் தெரிந்துவிட்டது. இந்த முறை பூஜ்ஜியத்துக்கு ஒரே எழுத்து வைக்காமல் இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். புதுச் சொல்லைப் பாப்பாவிடம் காட்டாமல், வெறும் அட்டைகளை மட்டும் ஒரு நூறு அவளிடம் கொடுத்துப் பாருங்கள்.