பழைய 26 அங்குல ஹார்ட்டெயில்: செங்குத்து இறக்கத்தில் கவிழும் பயம்

வணக்கம். 2009 மாடல் ஹார்ட்டெயில் (பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் இல்லாத மலை சைக்கிள்), 100 மிமீ அமுங்கும் முன் ஃபோர்க், 71 டிகிரி ஹெட் ஆங்கிள் (ஃபோர்க்கைப் பிடிக்கும் ஹெட் டியூப் தரையோடு வைக்கும் கோணம்), இறக்கத்தில் முன்னால் கவிழ்ந்துவிடுவோமோ என்று பயம் என எழுதியிருந்தீர்கள். நியாயமான பயம்தான். இன்றைய ட்ரெயில் ஹார்ட்டெயில்களில் அந்தக் கோணம் பெரும்பாலும் 64–66 டிகிரி; கோணம் குறையக் குறைய முன்சக்கரம் முன்னால் தள்ளி நிற்கும், கவிழும் பயமும் குறையும்.

முதலில் ட்ராப்பர் சீட்போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்க உதவும் கம்பம்) போடுங்கள். கோணம் எதுவும் மாறாது, ஆனால் சீட் கீழே போனதும் உடலைத் தாழ்த்திப் பின்னால் கொண்டுபோகலாம். பாதி பயம் அதிலேயே போய்விடும். 27.2 மிமீ சீட் டியூப்புக்கும் கிடைக்கிறது, அளந்து வாங்குங்கள்.

அப்புறம் உங்கள் சைக்கிளில் 100 மிமீ ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு) இருந்தால், அதற்குப் பதில் 50 அல்லது 60 மிமீ ஸ்டெம், கூடவே 740–760 மிமீ ஹேண்டில்பார். 35 மிமீ ஸ்டெம் வேண்டாம், பழைய ஃபிரேமில் ரீச் (பெடல் அச்சிலிருந்து ஹெட் டியூப் வரை முன்நோக்கிய நீளம்) குறைவு, உட்கார்ந்து மிதிக்க நெருக்கடியாக இருக்கும்.

இன்னும் நீளமான ஃபோர்க் போடும் ஆசையை மட்டும் தயவுசெய்து அடக்குங்கள். 20 மிமீ நீளம் கூடினால் ஹெட் ஆங்கிள் ஏறத்தாழ 1 டிகிரி குறையும். ஆனால் சீட் டியூப்பின் கோணமும் சேர்ந்து பின்னால் சாயும், பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு) உயரும், ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும். தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவைத் தாண்டினால் ஹெட் டியூப் வெல்டிங்கே விரிசல் விடலாம்.

ஹெட் டியூப்பின் உள்விட்டத்தை அளந்து சொல்லுங்கள். 44 மிமீ என்றால் ஆங்கிள் ஹெட்செட் (ஹெட் ஆங்கிளைச் சற்றுக் குறைக்கும் பேரிங் தொகுதி) பற்றிப் பேசலாம்.