பழைய குதிரைப் பந்தய அச்சுப் படங்கள்: கேள்வி-பதில்

கே: குதிரைகள் நான்கு கால்களையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கின்றன. படம் போலியா?

ப: இல்லை. அன்று எல்லோரும் அப்படித்தான் வரைந்தார்கள். நான்கு கால்களும் தரையை விட்டெழும் கணத்தில் அவை வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும் என்று 1878இல் மைபிரிட்ஜ் எடுத்த புகைப்படங்கள்தாம் காட்டின.

கே: லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) புள்ளிகள் தெரிகின்றன. அக்வாடின்ட்தானே (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து, மணிமணியாக நிழல் விழும்படி அச்சடிக்கும் முறை)?

ப: என்ன மாதிரிப் புள்ளி என்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? வரிசை பிடித்து நின்றால் பிற்கால இயந்திர நகல். ஒழுங்கின்றி நெளிந்து, இடையிடையே வெள்ளைத் திட்டுகள் விட்டிருந்தால் அக்வாடின்ட்.

கே: ஓவியர் ஹென்றி ஆல்கனின் இரவுக் குதிரையோட்டப் படம். கீழே பதிப்பாளர் ஆக்கர்மன் பெயரும் 1839 என்ற ஆண்டும் இருக்கின்றன. 1839இல் அச்சானது என்று சொல்லி விற்கலாமா?

ப: கூடாது. விற்பவர்கள் பலர் துணிந்து செய்யும் தவறு இது. 1735ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் தந்த பதிப்புரிமை வேண்டுமென்றால் வெளியீட்டுத் தேதியைத் தகட்டிலேயே பொறிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் படத்தின் கீழே அந்த எழுத்து வரி. தகடு கைமாறி, பல பத்தாண்டுகள் கழித்து அச்சடித்தாலும் அதே 1839தான் விழும். வயதைச் சொல்வது காகிதம். ஃபிரேமைக் கழற்றுங்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வாட்மன் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் காகிதமானால் வாட்டர்மார்க்கில் (தாளுக்குள் தெரியும் நீர்க்குறியில்) பெரும்பாலும் ஆண்டு இருக்கும். 1837, 1838 என்றால் நல்ல அறிகுறி. 1860 என்றால் பிந்தைய அச்சு, சந்தேகமே இல்லை. வாட்டர்மார்க் இல்லையென்றால் எதுவும் நிரூபணமாகாது, தாளை வெட்டும்போது அது வெளியே போயிருக்கலாம். அப்போது படத்திலுள்ள வானத்தைப் பாருங்கள். அக்வாடின்ட் மணிகள் ஆழமற்றவை. சில நூறு பிரதிகளிலேயே தேயும். தேய்ந்த வானத்தை மறைக்கக் கெட்டியாக வண்ணம் அப்பியிருப்பார்கள். முந்தைய பிரதியில் மெல்லிய நீலப்பூச்சின் அடியில் மணிகள் தெளிவாகத் தெரியும்.

கே: பழுப்புப் புள்ளிகளை ப்ளீச் போட்டு எடுக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம், தண்ணீரும் கூடாது. நிழற்பகுதிகளில் கோந்து பூசியிருப்பார்கள். நனைந்தால் முதலில் அதுதான் கரையும். காகிதப் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள். அதுவரை ஃபிரேமைக் கழற்றி, அமிலம் ஏறிய பின்னட்டையை மாற்றுங்கள். அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

கே: ஃபிரேமில் அடங்கவில்லை. ஓரத்தை வெட்டலாமா?

ப: கத்தரியைக் கீழே வையுங்கள்! தகடு அமுங்கிய தடத்துக்குள் வெட்டினால் பாதி மதிப்பு போகும், பதிப்பாளர் பெயரும் தேதியும் உள்ள வரியும் போகும். பெரிய ஃபிரேம் வாங்குங்கள். படத்தை அட்டையில் பொருத்த மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியக் காகிதத் துண்டு இரண்டு, கோதுமை ஸ்டார்ச் பசை. செல்லோடேப் வேண்டாம்.