சாடர் வீட்டுத் தீ: ஒரு கடிதம்

வணக்கம் அக்கா,

மேற்கு வர்ஜீனியா சாடர் குடும்பத்தைப் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன், தூக்கமே கெட்டுவிட்டது. 1945 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி வீடு எரிகிறது, ஐந்து பிள்ளைகளைக் காணோம், ஒரு எலும்புகூடக் கிடைக்கவில்லை. இத்தாலிய மாஃபியாதான் தூக்கிக்கொண்டு போனது என்று அடித்துச் சொல்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேல் கழித்துத் தபாலில் வந்த ஒரு போட்டோவையும் காட்டினார்கள். என் மனைவியோ, "அந்த அப்பன் ஏன் அவசர அவசரமா மண்ணைப் போட்டு மூடினான்? எனக்கு அவன்மேலதான் சந்தேகம்" என்கிறாள். குற்ற வழக்குகளைப் பற்றி எழுதுகிறவர் நீங்கள், என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

முதலில் உங்கள் மனைவியின் கேள்வி. ஜார்ஜ் சாடர் மண் போட்டு மூடியது உண்மை, புல்டோசர் வைத்து ஐந்தடி உயரத்துக்கு. மாநிலத் தீயணைப்பு அதிகாரிகள் வந்து ஒழுங்காகப் பார்ப்பார்கள், இடத்தைத் தொடாதீர்கள் என்று ஊர்த் தீயணைப்புத் தலைவர் சொல்லியிருந்தார். நாலு நாள் ஆயிற்று. தன் பிள்ளைகள் ஐந்து பேர் சாம்பலாகக் கிடப்பதாகச் சொல்லப்பட்ட குழியைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க அந்த மனிதருக்கும் அவர் மனைவி ஜென்னிக்கும் முடியவில்லை. மூடிவிட்டு அங்கே பூந்தோட்டம் வைக்க நினைத்தார்கள். பிள்ளைகள் போய்விட்டார்கள் என்று அப்போது அவர்களும் நம்பினார்கள், சந்தேகமெல்லாம் அப்புறம் வந்ததுதான். மறைக்க நினைத்த ஆள் 1949இல் தானே வாஷிங்டனிலிருந்து ஒரு மருத்துவரை வரவழைத்து அதே மண்ணைத் தோண்டச் சொல்வாரா? ஆக, அவரை விட்டுவிடுங்கள்.

சரி, மாஃபியா. இந்த வழக்கைச் சொல்கிற எல்லோரும் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள் என்பது என் எண்ணம். தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்தார்களா என்பது ஒன்று. பிள்ளைகள் அந்த வீட்டுக்குள்ளேயே இறந்தார்களா என்பது வேறு. முதல் கேள்விக்குக் கிடைக்கிற சந்தேகங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் இரண்டாவதற்குப் பதிலாகக் கொட்டுகிறார்கள்.

தீ வைக்கப்பட்டது என்று நம்ப நிறைய இருக்கிறது. ஜார்ஜ் சார்டினியாவிலிருந்து சின்ன வயதில் வந்தவர், லாரி வைத்து நிலக்கரி ஓட்டியவர், இத்தாலிய சர்வாதிகாரி முசோலினியைப் பிடிக்காது, அதை ஊர் இத்தாலியர்கள் நடுவில் வாய்விட்டுச் சொல்லியும் வந்தார். அந்த அக்டோபரில் இன்சூரன்ஸ் விற்க வந்த ஒருவன், பாலிசி வேண்டாம் என்றதும், உன் வீடு புகைந்து போகும், உன் பிள்ளைகள் அழிவார்கள், முசோலினியைப் பேசியதற்கு அனுபவிப்பாய் என்று கத்திவிட்டுப் போனான். வேலை கேட்டு வந்த இன்னொருவன் பின்பக்க ஃபியூஸ் பெட்டிகளைக் காட்டி, இதனால் ஒருநாள் தீப்பிடிக்கும் என்றான். மின்சாரக் கம்பெனி அப்போதுதான் ஒயரிங்கைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தது.

அந்த இரவில் 12:30க்கு ஒரு போன். யாரோ ஒரு பெண், தெரியாத பெயரைக் கேட்கிறாள், பின்னால் சிரிப்பும் கண்ணாடி டம்ளர் சத்தமும். ராங் நம்பர் என்று ஜென்னி வைத்துவிட்டார். திரும்பும்போது கவனிக்கிறார், விளக்குகள் எரிகின்றன, திரை இழுக்கவில்லை, கதவு பூட்டவில்லை. பெரிய மகள் சோபாவில் தூங்குகிறாள், சின்னவர்கள் மாடிக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் படுத்தார். ஒரு மணி வாக்கில் கூரைமேல் ஏதோ தொப்பென்று விழுந்து உருளும் சத்தம். அரை மணி நேரத்தில் புகை.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கைவிட்டது. எப்போதும் சுவரில் சாத்தியிருக்கும் ஏணி இல்லை (அது பிறகு 75 அடி தள்ளி ஒரு சரிவின் கீழே கிடைத்தது). முந்தின நாள் வரை ஓடிய இரண்டு லாரியும் கிளம்பவில்லை. பீப்பாய்த் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. ஜார்ஜ் ஜன்னலை உடைத்துக் கையைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம். பெற்றோரும் நாலு பிள்ளைகளும் வெளியே நிற்க, 45 நிமிடத்தில் வீடு தரைமட்டம். வெளியே வராத ஐந்து பேர்: மாரிஸ் 14, மார்த்தா 12, லூயிஸ் 9, அம்மாவின் பெயரையே கொண்ட ஜென்னி 8, பெட்டி 5. தீயணைப்பு நிலையம் சுமார் இரண்டரை மைல் தூரம், வண்டி வந்தது காலை எட்டு மணிக்கு. தலைவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஓட்டத் தெரிந்தவருக்காகக் காத்திருந்தாராம்.

எனக்கு மனதில் தைப்பது டெலிபோன் ஒயர். அது எரியவில்லை, கம்பத்தில் ஏறி யாரோ அறுத்திருக்கிறார்கள் என்று பழுதுபார்க்க வந்தவர் சொன்னார். 12:30க்கு போன் வேலை செய்தது, ஆக அதற்குப் பிறகுதான் அறுத்திருக்க வேண்டும். அறுத்தவன் பிடிபட்டும் விட்டான்! அதே இரவில் அங்கே கயிற்றுக் கப்பி திருடினவன், மின்சார ஒயர் என்று நினைத்து அறுத்தேன், தீக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றான். கப்பி திருட வந்தவனுக்கு மின்சாரத்தை எதற்கு வெட்ட வேண்டும்? இந்த ஒரு கேள்வியை யாரும் விடாமல் கேட்டதாகத் தெரியவில்லை, அபராதத்தோடு விட்டார்கள். தீ நடந்த சில நாட்களிலேயே மரண விசாரணைக் குழு கூடி ஒயரிங் கோளாறு என்று முடித்தது. தீப்பிடித்த பிறகும் வீட்டில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன என்று குடும்பம் சொன்னது எடுபடவில்லை. குழுவில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் யார் என்கிறீர்கள்? மிரட்டிவிட்டுப் போன அதே இன்சூரன்ஸ்காரர்.

இவ்வளவும் தீயைப் பற்றியது. கடத்தலுக்கு என்ன இருக்கிறது? அங்கே பார்த்தேன், இங்கே பார்த்தேன் என்று வந்த சாட்சிகளைத் தள்ளிவைத்தால், எலும்பு கிடைக்கவில்லை என்பது ஒன்றுதான். அது லேசான விஷயமில்லை. ஜென்னி அடுப்பில் கோழி எலும்பு, மாட்டு எலும்பு எல்லாம் போட்டு எரித்துப் பார்த்தார், ஒவ்வொரு முறையும் கருகின எலும்பு மிஞ்சியது. தகன நிலைய ஊழியர் ஒருவர், 2,000 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இரண்டு மணி நேரம் எரித்தாலும் எலும்பு மிஞ்சும் என்றார். நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம், மறுநாள் சுடுகாட்டுக்குப் போய் எலும்பு பொறுக்கியவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் நாம் பொறுக்குவது பெரியவர்களின் எலும்பை, அதுவும் எங்கே தலை எங்கே கால் என்று தெரிந்த இடத்தில், அதற்கென்றே உட்கார்ந்து தேடி. சின்னப் பிள்ளைகளை நம் ஊரில் புதைப்பதுதான் வழக்கம். சாடர் வீட்டில் எட்டு மணிக்கு வந்தவர்கள் பத்து மணிக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கூரை, மாடி, சாமான் எல்லாம் நிலவறைக்குள் விழுந்து விடியும்வரை கனன்ற குவியலுக்கு இரண்டு மணி நேரம். அப்புறம் அதன்மேல் புல்டோசர். வெந்த எலும்பு எவ்வளவு எளிதில் நொறுங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1949இல் தோண்டியபோது முதுகெலும்புத் துண்டுகள் நாலு கிடைத்தன. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்தின் நிபுணர் பார்த்து, ஒரே ஆளுடையவை, 16, 17 வயதிருக்கும், தீ பட்ட அடையாளமே இல்லை என்றார். மூடக் கொண்டுவந்த மண்ணோடு வந்திருக்கலாம் என்று கருதினார்கள். வீடு அரை மணி நேரம் போலத்தான் எரிந்தது என்றால் முழு எலும்புக்கூடுகள் கிடைத்திருக்க வேண்டும் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது, குடும்பம் பிடித்துக்கொண்டது அதைத்தான். அந்த "அரை மணி நேரம்" வீடு சரிந்த நேரம், நெருப்பு அணைந்த நேரமில்லை என்பது என் கட்சி.

இன்னொன்றை வீடியோக்காரர்கள் சொல்லவே மாட்டார்கள். 23 வயது மகன் முதல் வாக்குமூலத்தில், மாடிக்குப் போய்த் தம்பி தங்கைகளை எழுப்பினேன் என்றார். பிறகு, கீழேயிருந்து கூப்பிட்டேன், அவர்களைப் பார்க்கவில்லை என்று மாற்றினார். குடும்பத்தில் இதை ஏற்றுக்கொண்டு வாழப் பாருங்கள் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். முதலில் சொன்னது உண்மையாக இருந்தால் கடத்தல் கதை அங்கேயே முடிந்தது. அது இருக்கட்டும், சோபாவில் அக்கா படுத்திருக்க, அம்மா போன் எடுக்க நடமாட, ஐந்து பிள்ளைகளைச் சத்தமில்லாமல் கூட்டிப்போவது எப்படி? 14 வயதுப் பையனுக்கு வீட்டு விலாசம் தெரியாதா?

பிள்ளைகள் அந்த இரவில் அங்கேயே இறந்தார்கள், ஆனால் தீ வைக்கப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். அப்படியென்றால் அது ஐந்து கொலை. கடத்தல் கதையால் யாருக்கு லாபம் என்று யோசித்தால் தீ வைத்தவனுக்குத்தான்.

அந்தப் பெற்றோர் நம்பாமல் போனதற்கு அதிகாரிகள்தான் காரணம். தீயணைப்புத் தலைவர், சாம்பலில் ஓர் இதயம் கிடைத்தது, வெடிமருந்துப் பெட்டியில் வைத்துப் புதைத்தேன் என்று யாரிடமோ சொல்லி, அது இவர்கள் காதுக்கு வந்தது. தோண்டி எடுத்து இறுதிச்சடங்கு நடத்துபவரிடம் காட்டினால், மாட்டு ஈரல், தீயே படவில்லை என்கிறார். குடும்பம் சமாதானமாகட்டும் என்று போட்டதாம். இப்படி ஒரு காரியத்தைச் செய்த ஆள் "எலும்பு இல்லை, முழுசாக எரிந்துவிட்டது" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எஃப்.பி.ஐ. உதவத் தயாராக இருந்தது, உள்ளூர்க்காரர்கள் கேட்டால் வருகிறோம் என்றது. உள்ளூர்க் காவல்துறையும் தீயணைப்புத் துறையும் வேண்டாம் என்றன.

போட்டோவைக் கேட்டிருந்தீர்கள். 1960களின் கடைசியில் கென்டக்கியின் சென்ட்ரல் சிட்டி முத்திரையோடு ஜென்னி பெயருக்கு வந்தது, அனுப்பியவர் விலாசம் இல்லை. இருபதுகளின் நடுவில் இருக்கும் ஓர் இளைஞன், பின்பக்கம் கையெழுத்தில் லூயிஸ் சாடர் என்ற பெயரும், சகோதரன் ஃபிராங்கியை நேசிக்கிறேன் என்பது போல ஒரு வரியும், புரியாத சில எழுத்தும் எண்ணும். ஜாடை இருப்பதாக அவர்களுக்குத் தோன்றியது. ஆனால் 1952 முதல் பிள்ளைகளின் படங்களைப் பெரிய போர்டில் சாலையோரம் வைத்து, பரிசுத் தொகையும் அறிவித்திருந்த குடும்பம் அது. லூயிஸ் எப்படி இருந்தான் என்று அந்த வழியே போன எவனுக்கும் தெரியும். விசாரிக்க அனுப்பிய துப்பறிவாளரும் திரும்பத் தகவல் தரவில்லை. இதில் குரூரமான விளையாட்டைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், சந்தேகப்படுவது சரிதான், ஆளை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வீடியோவை இன்னொரு முறை பார்த்தால், ஒயர் அறுத்தவனைப் பற்றி அதில் எத்தனை நிமிடம் பேசுகிறார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா