சுங்கை சிப்புட்டுக்கு வரும் மாணவர்களுக்கு: கேட்டதும் சொன்னதும்

வரும் விடுமுறையில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊருக்கு வரத் திட்டமிடும் கல்லூரிக் குழுவினரும், அவர்களைத் தங்கவைக்கப் போகிற உள்ளூர்க்காரர்களும் கேட்டவை இவை. தோட்டத்தில் பிறந்து, இந்த வட்டாரத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

டீச்சர், கோலாலம்பூர், பத்துமலை, கெந்திங், பினாங்கு எல்லாம் பார்த்துவிட்டு உங்கள் ஊருக்கு அரை நாள் ஒதுக்கியிருக்கிறோம். போதுமா? (மாணவர், கோயம்புத்தூர்)

போதாது தம்பி. கெந்திங்கை விட்டுவிட்டு இங்கே இரண்டு இரவு தங்குங்கள். இந்த ஊர் விடியற்காலையிலும் சாயங்காலத்திலும்தான் ஊராக இருக்கும். மதியம் வந்து இறங்கினால் வெயிலையும் சாத்திய கதவுகளையும் படம் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். கோலாலம்பூரிலிருந்து ரயிலிலேயே வரலாம். ஈப்போவிலிருந்து சாலை வழியாக என்றால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்.

பால் மரம் (ரப்பர் மரம்) வெட்டுவதைப் பார்க்க முடியுமா? நாங்களும் வெட்டிப் பார்க்கலாமா? (மாணவி, மதுரை)

பார்க்கலாம், ஆனால் இருட்டோடு எழுந்திருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்புதான் பட்டைக்குள் அழுத்தம் அதிகமாக இருந்து பால் நன்றாக ஓடும். அதனால் வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். முதல்நாள் மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தால் அன்றைக்கு வெட்டு இருக்காது. அப்படி ஆனால் முகம் சுளிக்காதீர்கள். அந்தக் குடும்பத்துக்கு அது ஒரு நாள் வருமான இழப்பு.

உளியை நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம். பட்டையை மெல்லிய சீவலாக, சாய்வாக எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்டவே முடியாது. பால் வடியும் மங்கு என்னும் கிண்ணத்தைச் சரிசெய்வது, பால் எடுக்கும் நேரத்தில் வாளி தூக்குவது, இவற்றில் கைகொடுங்கள். கையில் பால் ஒட்டும், கொசு கடிக்கும். முழுக்கைச் சட்டை போட்டு வாருங்கள்.

இன்னொன்று. இங்கே பல தோட்டங்களில் கித்தா (ரப்பர்) மரம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்து வெகுகாலம் ஆகிறது. செம்பனை அறுவடையையும் பாருங்கள். நீண்ட கழியில் கட்டிய அரிவாளால், தலைக்கு வெகு உயரத்தில் இருக்கும் குலையை இழுத்து அறுப்பார்கள். விழுகிற குலை பத்து இருபது கிலோ இருக்கும். தள்ளி நிற்கச் சொன்னால் உடனே தள்ளி நில்லுங்கள்.

முப்பது மாணவர்களை அழைத்து வருகிறேன். ஒரே விடுதி, ஒரே பேருந்து என்று வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறேன். சரிதானே? (விரிவுரையாளர், திருச்சி)

பாதுகாப்புதான் ஐயா. ஆனால் முப்பது பேர் சேர்ந்து போனால் தங்களுக்குள்ளேயேதான் பேசிக்கொள்வார்கள். எதிரே நிற்கும் மனிதரும் கூட்டத்தைப் பார்த்ததும் மேடையில் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார். இரண்டு இரண்டு பேராகப் பிரித்து வீடுகளில் தங்கவையுங்கள். வீட்டுக்காரர்களை நீங்கள் முன்கூட்டியே நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு எல்லோரும் செய்தி அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் போதும். காலையில் எழுந்து, 'பசியாறியாச்சா?' என்று கேட்கிற அம்மாவோடு அடுப்படியில் நிற்கும் பிள்ளைக்குக் கிடைப்பதை எந்தக் கலைநிகழ்ச்சியும் தராது. வரவேற்பு நடனம் ஏற்பாடு செய்யச் சொல்லி இங்குள்ள பள்ளிகளைக் கேட்காதீர்கள். நம் பிள்ளைகளுக்கும் பாடம் இருக்கிறது.

தோட்டத் தமிழர்களின் துயரத்தை ஆவணப்படமாக எடுக்க ஆசை. லயத்து வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இப்போதும் யார் இருக்கிறார்கள்? (ஊடகத்துறை மாணவர், சென்னை)

துயரம் உண்மை. கங்காணி ஆள் சேர்த்துக் கப்பலேற்றியது, வயலில் நெல் நட்ட கையோடு இங்கே காட்டை அழித்தது, எல்லாம் நடந்தது. ஆனால் முடிவை முன்பே எழுதிக்கொண்டு கேமராவைத் தூக்கி வராதீர்கள். தோட்டப் பிள்ளைகளில் பலர் இன்று தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் இருக்கிறார்கள். தோட்ட வேலையில் இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளத்திலிருந்து வந்தவர்கள் நிறைய. அவர்களும் நம் தாத்தா பாட்டி போலப் பிழைக்க வந்தவர்கள். அவர்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள்.

நம்மவர்கள் எழுந்து நின்ற கதையையும் கேளுங்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்க, தொழிலாளிகள் நடுத்தெருவில் நிற்கும் நிலை வந்தது. அப்போது இந்த ஊர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன், தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தொழிலாளிகள் சம்பளத்தில் சேர்த்த சிறு தொகையில் தோட்டங்களே வாங்கப்பட்டன. வயதானவர்களிடம் இதைக் கேட்டால் முகம் மலரும். 1948 ஜூனில் இந்த வட்டாரத்தில் தோட்டத் துரைகள் (வெள்ளைக்கார நிர்வாகிகள்) மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் வந்ததையும் கேட்கலாம். அது சில வீடுகளில் இன்னும் ஆறாத விஷயம், அவர்களாகத் தொடங்கினால் மட்டும் கேளுங்கள். அனுமதி இல்லாமல் யார் முகத்தையும் படம் எடுக்காதீர்கள், குழந்தைகளை எடுக்கவே வேண்டாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? (மாணவி, சேலம்)

தாராளமாக. ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிடும்மா. நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் மிளகாய்ச் சம்பலில் நெத்திலி இருக்கும், பார்த்தால் தெரியாது.

மலாய், சீன மக்களையும் சந்திக்க முடியுமா? (மாணவர், சிங்கப்பூர்)

கட்டாயம் சந்திக்க வேண்டும். தமிழர்களை மட்டும் பார்த்துப் போனால் மலேசியாவைப் பார்க்கவில்லை. காலையில் பாசாருக்கு (சந்தைக்கு) போங்கள், மூன்று மொழியும் ஒரே கடையில் கேட்கும். பக்கத்துக் கோலகங்சாரில் உபுடியா பள்ளிவாசல் இருக்கிறது. உடம்பை மூடிய உடையில் போங்கள். 1877-இல் அங்கே நட்ட முதல் ரப்பர் கன்றுகளில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. நம் குடும்பங்கள் இந்த நாட்டுக்கு வந்த காரணத்தைத் தொட்டுப் பார்க்கலாம். பேராக் ஆற்றுக்கு அக்கரையில் சாயோங்கில், லாபு என்னும் கறுப்பு மண்குடுவை செய்வதையும் பாருங்கள். நம் வட்டாரத்து லாசா பக்கம் தெமியார் பழங்குடியினர் கிராமங்கள் உண்டு. அழைப்பும் அனுமதியும் இல்லாமல் அங்கே பேருந்தில் போய் இறங்காதீர்கள்.

டீச்சர், எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் தங்கப்போகிறார்கள். பிரியாணி, கோழி என்று பெரிதாகச் சமைக்க வேண்டுமா? (இல்லத்தரசி, சுங்கை சிப்புட்)

வேண்டாம்மா. நீங்கள் தினமும் சாப்பிடுவதையே போடுங்கள். ஒரு வேளை நெத்திலி சம்பல், ஒரு வேளை பருப்பும் ரசமும். காய் நறுக்க உட்காரவையுங்கள், சாயங்காலம் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்குக் கூட்டிப்போங்கள். கோயிலில் உறுமி மேளப் பயிற்சி நடந்தால் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். கூச்சப்படும் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம், இரண்டாம் நாள் தானாகப் பேசும்.

என்ன பரிசு கொண்டு வரலாம்? (மாணவி, மதுரை)

தங்கும் வீட்டுக்கு உங்கள் ஊர்த் தின்பண்டம் போதும். தமிழ்ப்பள்ளிக்குக் கொடுக்க விரும்பினால் சிறுவர் கதைப் புத்தகங்கள் கொண்டு வாருங்கள். என்ன வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.