80ஜி இருந்தும் சி.எஸ்.ஆர். பணம் மறுக்கப்பட்டது ஏன்?

நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதியைப் பெற, நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி அனுமதி மட்டும் உங்கள் அறக்கட்டளைக்குப் போதாது. காயமுற்ற முன்னாள் படைவீரர்களுக்குச் சக்கர நாற்காலி என்ற உங்கள் திட்டத்தில் குறையில்லை; சி.எஸ்.ஆர். பணிகளைப் பட்டியலிடும் நிறுவனச் சட்டம் 2013-இன் ஏழாம் அட்டவணையிலேயே முன்னாள் படைவீரர் நலன் இருக்கிறது. நிறுவனத்தின் நிதிப்பிரிவு கேட்பது, சி.எஸ்.ஆர்-1 என்ற படிவம் மூலம் அறக்கட்டளை பெற வேண்டிய பதிவு எண். 2021 ஏப்ரல் 1 முதல் அது இல்லாத அறக்கட்டளை வழியாகச் செலவிட்டால் அது நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். செலவுக் கணக்கில் ஏறாது.

1. கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அந்தப் படிவத்தை நிரப்புங்கள். அறங்காவலரின் டிஜிட்டல் கையொப்பத்தோடு ஒரு ஆடிட்டரின் சான்றும் வேண்டும். 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி, இதுபோன்ற பணிகளில் மூன்றாண்டுச் செயல்பாடு கட்டாயம்.

2. அனுப்பும் முன் பான் அட்டையையும் அறக்கட்டளைப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் ‘டிரஸ்ட்’, மற்றதில் ‘அறக்கட்டளை’ என்றிருந்தால் சிக்கல்தான். 80ஜி ஆணை 2021-க்கு முந்தையது என்றால் மறுபதிவு ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எண் வந்ததும் வேலை முடியாது. பணம் கைமாறினாலே செலவு ஆகிவிடாது. திட்டத்துக்குப் பயன்பட்டதென நிறுவனத்தின் நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டும். நிதியாண்டு முடியும் மார்ச் கடைசி வாரத்தில் காசோலை வாங்கி ஜூனில் நாற்காலி வாங்குவது அங்கேதான் மாட்டும்.

அவசரமென்றால் நாற்காலிகளை நிறுவனமே வாங்கி நேரடியாக வழங்கலாம். அதற்கு உங்கள் எண் தேவையில்லை.